வழிதவறிய இரண்டு செயற்கைக்கோள்கள் ஐன்ஸ்டைனைச் சோதித்த கதை

2014 ஆகஸ்ட் 22 அன்று, பிரெஞ்சு கயானாவில் உள்ள கூரூ ஏவுதளத்திலிருந்து ஒரு சோயுஸ் ராக்கெட் கிளம்பியது. ஐரோப்பாவின் கலிலியோ வழிகாட்டித் தொகுப்புக்கான ஐந்தாவது, ஆறாவது செயற்கைக்கோள்கள் அதில் இருந்தன. டொரேசா, மிலேனா என்று பெயர். ஓவியப் போட்டியில் வென்ற குழந்தைகளின் பெயர்களைச் சூட்டுவது அந்தத் திட்டத்தில் வழக்கம். முதல் சில மணி நேரம் எல்லாம் ஒழுங்காக நடந்ததாகத்தான் நினைத்தார்கள். அப்புறம்தான் பாதையைக் கணக்கிட்டவர்களுக்கு எண்கள் உதைத்தன.

போய்ச் சேர வேண்டிய இடம், தரையிலிருந்து சுமார் 23,200 கி.மீ. உயரத்தில் ஒரு வட்டப் பாதை. போய்ச் சேர்ந்ததோ நீள்வட்டத்தில். பூமிக்கு அருகே வரும்போது சுமார் 13,700 கி.மீ., விலகிப் போகும்போது சுமார் 25,900 கி.மீ. நிலநடுக்கோட்டுக்கு 55 பாகை இருக்க வேண்டிய சாய்வும் ஏறத்தாழ 5 பாகை குறைந்திருந்தது. வழிகாட்டும் வேலைக்கு அந்தப் பாதை ஆகாது.

இந்த விபத்து நாலு ஆண்டு கழித்து, ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் சொன்ன ஒரு கணிப்பை, அதாவது ஈர்ப்பு வலுவான இடத்தில் கடிகாரம் மெதுவாக ஓடும் என்பதை, 42 ஆண்டுகளில் யாரும் சோதிக்காத அளவு நுட்பமாகச் சோதித்துக் கொடுத்தது. அதில் அதிர்ஷ்டம் எவ்வளவு, ஆட்களின் சாமர்த்தியம் எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்த ஆய்வு.

கோளாறு எங்கே நடந்தது

சோயுஸின் கீழ் அடுக்குகள் தங்கள் வேலையைச் செய்துவிட்டன. பிசகியது உச்சியில் இருந்த ஃபிரெகாட் என்ற மேலடுக்கில். ஏவி ஏறத்தாழ 35 நிமிடம் ஆன நிலையில், இரண்டாவது எரிப்புக்கு முன் எஞ்சின் அணைந்து மிதந்துகொண்டிருந்த கட்டத்தில், அது தன் நிலையை இழந்தது. தான் எந்தத் திசையைப் பார்க்கிறோம் என்ற கணக்கே அதற்குத் தவறிப்போனது. எஞ்சின் அதன்பின் மறுபடி எரிந்தது, ஆனால் தவறான திசையில்.

காரணத்தைத் தேடிய விசாரணைக் குழு கடைசியில் ஒரு குழாயில் வந்து நின்றது. திசை திருப்பும் சிறு உந்துபொறிகளுக்கு ஹைட்ரசீன் எரிபொருள் கொண்டுபோகும் குழாய் அது. அதன் பக்கத்திலேயே, ஒரே தாங்கியில், கடுங்குளிர் ஹீலியம் ஓடும் குழாயையும் பொருத்தியிருந்தார்கள். உலோகத் தாங்கி வழியாகக் குளிர் கடந்தது. ஹைட்ரசீன் ஏறத்தாழ 2 டிகிரி செல்சியஸிலேயே உறைந்துவிடும். உறைந்தது, எரிபொருள் வரத்து தடைப்பட்டது. பொருத்தியவர் விதியை மீறினார் என்றும் சொல்ல முடியாது. இரண்டு குழாய்களையும் எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்பதில் வடிவமைப்பு ஆவணங்களே தெளிவாக இல்லை, அப்படிப் பொருத்த இடம் கொடுத்திருந்தன என்பதுதான் குழுவின் முடிவு. பெரிய விபத்துகளைத் தோண்டினால் இப்படி ஒரு சின்ன இடத்தில் போய் முடிவது புதிதில்லை.

மீட்பு, பாதி வரைக்கும்

கைவிட்டிருக்கலாம். ஆனால் இரண்டுமே நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தன. உடனடிப் பிரச்சினை இரண்டு. பாதையின் தாழ்ந்த பகுதி பூமியைச் சூழ்ந்த கதிர்வீச்சுப் பட்டைகளின் வழியாகப் போனது. அதோடு, ஆன்டெனாவைப் பூமியை நோக்கித் திருப்பி வைக்க உதவும் உணரி, அருகே வரும்போது பூமி மிகப் பெரிதாகத் தெரிவதால் தடுமாறியது.

செயற்கைக்கோளிடம் இருந்த எரிபொருள், பாதையை லேசாகச் சரிசெய்துகொள்வதற்கான கையிருப்பு மட்டுமே. அதை வைத்து முழு வட்டத்துக்குப் போக வழியில்லை. தாழ்ந்த முனையை உயர்த்துவது சாத்தியமாக இருந்தது. 2014 நவம்பரில் ஐந்தாவது செயற்கைக்கோள் 17 நாளில் 11 முறை உந்தி, தாழ்ந்த முனையை 3,500 கி.மீ.க்கு மேல் உயர்த்திக்கொண்டது. 2015 தொடக்கத்தில் ஆறாவதும் அதே மாதிரிப் பாதைக்கு வந்தது.

இப்போது தாழ்வு சுமார் 17,200 கி.மீ., உயர்வு சுமார் 25,900 கி.மீ. உணரி வேலை செய்தது, சமிக்ஞையும் நன்றாக வந்தது. ஆனால் நீள்வட்டம் நீள்வட்டமாகவே இருந்தது. வட்டத்திலிருந்து எவ்வளவு நீண்டிருக்கிறது என்று சொல்ல, பள்ளிக் கணக்கில் படிக்கிற மையத்தொலைத்தகவு இதற்கு ஏறத்தாழ 0.16. மற்ற கலிலியோ செயற்கைக்கோள்களுக்கு அது கிட்டத்தட்ட சுழி. தொகுப்பில் எது எங்கே இருக்கிறது என்று பெறும் கருவிகளுக்குச் சொல்லும் பஞ்சாங்கத் தரவின் வடிவத்தில், இவ்வளவு பெரிய எண்ணை எழுதக்கூட இடம் விட்டிருக்கவில்லை. படிவத்தில் கட்டமே இல்லாத விண்ணப்பதாரர் மாதிரி.

வட்டம் எதை மறைக்கிறது

சார்பியல் கடிகாரங்களை எப்படிப் பாதிக்கும் என்று இங்கே சொல்லிவிடுவது நல்லது. ஈர்ப்பு வலுவாக உள்ள இடத்தில் கடிகாரம் மெதுவாக ஓடும், உயரே போனால் வேகமாக ஓடும். இது பொதுச் சார்பியல். வேகமாக நகரும் கடிகாரம் மெதுவாக ஓடும். இது சிறப்புச் சார்பியல். இரண்டும் எதிரெதிராக இழுக்கும். ஏறத்தாழ 400 கி.மீ. உயரத்தில் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையத்தில் வேகம் ஜெயிக்கிறது, அங்கே கடிகாரம் நாளுக்கு சுமார் 25 மைக்ரோநொடி பின்தங்கும். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் இருக்கும் 20,200 கி.மீ. உயரத்தில் ஈர்ப்பு ஜெயிக்கிறது. உயரத்தால் 45 மைக்ரோநொடி முந்தி, வேகத்தால் 7 பின்தங்கி, மொத்தத்தில் நாளுக்கு 38 மைக்ரோநொடி முந்தும். அதனால்தான் ஜிபிஎஸ் கடிகாரத்தின் 10.23 மெகாஹெர்ட்ஸை ஏவுவதற்கு முன்பே 10.22999999543 என்று ஒரு மயிரிழை குறைத்து வைக்கிறார்கள். கலிலியோவின் வழக்கமான உயரத்துக்குக் கணக்குப் போட்டால் நாளுக்கு சுமார் 41 மைக்ரோநொடி வருகிறது.

ஜிபிஎஸ் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும், நானும் முன்பு உட்பட, "இந்தத் திருத்தம் இல்லாவிட்டால் ஒரே நாளில் இருப்பிடம் 11 கி.மீ. தவறிவிடும்" என்று எழுதிவிடுகிறோம். 38 மைக்ரோநொடியை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் 11 கி.மீ. வருவது உண்மைதான். ஆனால் எல்லாச் செயற்கைக்கோள்களும் ஒரே அளவு முந்தினால், கைபேசி அதைத் தன் சொந்தக் கடிகாரத்தின் பிழையாக எடுத்துக்கொண்டு கழித்துவிடும். நாலு செயற்கைக்கோளைப் பிடித்து அது கண்டுபிடிக்கும் நாலு விடைகளில் ஒன்று நேரம்தானே. இருப்பிடத்தை நேரடியாகக் கெடுப்பது எல்லாவற்றுக்கும் பொதுவான பிழை அல்ல, ஒன்றுக்கொன்று மாறுபடும் பிழை. அந்த மாறுபாடு வருவது நீள்வட்டத்தால்.

எந்தப் பாதையும் கச்சிதமான வட்டம் இல்லை. மையத்தொலைத்தகவு 0.02 உள்ள ஒரு ஜிபிஎஸ் செயற்கைக்கோளின் கடிகாரம், ஒவ்வொரு சுற்றிலும் சராசரியிலிருந்து 46 நானோநொடி வரை முந்தும், பிந்தும். தூரமாகச் சொன்னால் ஏறத்தாழ 14 மீட்டர், அதாவது சரியான தெருவா அடுத்த தெருவா என்ற வித்தியாசம். இந்தத் திருத்தத்தைச் செயற்கைக்கோள் போடுவதில்லை. பெறும் கருவிதான் பாதை விவரத்தை வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டும். உங்கள் கைபேசி வரைபடத்தில் நீலப் புள்ளியைக் காட்டும் ஒவ்வொரு முறையும், ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் தனித்தனியாக இந்தச் சார்பியல் கணக்கு நடக்கிறது.

1977 ஜூன் 23 அன்று, ஜிபிஎஸ்ஸுக்கு முன்னோட்டமான என்டிஎஸ்-2 என்ற செயற்கைக்கோள் சீசியம் அணுக் கடிகாரத்தோடு மேலே போனது. சார்பியல் விளைவு நிஜமாகவே தெரியுமா என்று சிலருக்குச் சந்தேகம் இருந்த காலம். கடிகாரத்தைத் திருத்தும் மின்சுற்றை முதல் 20 நாள் அணைத்தே வைத்துப் பார்த்தார்கள். கடிகாரம் லட்சம் கோடியில் 442.5 பங்கு முந்தியது. கோட்பாடு சொன்னது 446.5. சரி, நெருக்கம்தான். ஆனால் மீதி 4 பங்கு யாருடைய பிழை? ஐன்ஸ்டைனுடையதா, ராக்கெட்டில் குலுங்கிப்போன கடிகாரத்துடையதா?

வட்டப் பாதையில் இதற்கு விடை கிடைக்காது. அங்கே சார்பியல் விளைவு மாறாத ஒரே எண். கடிகாரத்தின் சொந்தப் பிழையும் மாறாத ஒரே எண். இரண்டும் கூட்டாகத்தான் நமக்குத் தெரியும், பிரித்தெடுக்க முடியாது. நீள்வட்டத்தில் நிலைமை வேறு. சார்பியல் விளைவு ஒவ்வொரு சுற்றிலும் ஏறி இறங்கும், கடிகாரத்தின் சொந்தப் பிழைக்கு அந்தத் தாளம் தெரியாது. இந்த இடத்தில்தான் டொரேசாவும் மிலேனாவும் மதிப்புப் பெற்றன.

அவற்றின் பாதைக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தாழ்ந்த முனையில் கடிகாரம் நாளுக்கு சுமார் 34 மைக்ரோநொடி முந்தும் வேகத்தில் ஓடுகிறது. உயர்ந்த முனையில் 43. சுமார் 13 மணி நேரத்துக்கு ஒருமுறை இந்த இரண்டுக்கும் இடையே போய்வருகிறது. சேர்த்துப் பார்த்தால் சராசரியிலிருந்து 370 நானோநொடி அளவுக்கு முன்னும் பின்னும் அலை. அவற்றில் உள்ள, ஹைட்ரஜன் அணுவின் துடிப்பை வைத்து ஓடும் ஹைட்ரஜன் மேசர் கடிகாரம் 12 மணி நேரத்தில் அரை நானோநொடி கூடப் பிசகாத ரகம். அலையோ அதைப்போல நூற்றுக்கணக்கான மடங்கு பெரியது.

அளந்த விதம்

ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் ஆதரவோடு இரண்டு குழுக்கள் தனித்தனியாக இறங்கின. ஒன்று பாரிஸ் வானாய்வகத்தின் சிர்ட் ஆய்வகம், இன்னொன்று ஜெர்மனியில் பிரெமனில் உள்ள ஸார்ம் மையம். தரவுக்குப் பஞ்சமே இல்லை, இரண்டும் வழிகாட்டும் சமிக்ஞையை இடைவிடாமல் அனுப்பிக்கொண்டிருந்தன. தலைவலி வேறு இடத்தில்.

செயற்கைக்கோள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைச் சமிக்ஞை வந்துசேரும் நேரத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறோம். கடிகாரம் எவ்வளவு முந்தியது என்பதையும் அதே சமிக்ஞையை வைத்துத்தான். சமிக்ஞை ஒரு நானோநொடி தாமதமாக வந்தால், கடிகாரம் பின்தங்கியது என்றும் சொல்லலாம், செயற்கைக்கோள் 30 செ.மீ. தள்ளிப்போனது என்றும் சொல்லலாம். அந்த 30 செ.மீ. பிழையும் சுற்றுக்கு ஒருமுறை ஏறி இறங்கினால், சார்பியலின் வேஷத்தையே போட்டுக்கொண்டு வந்து நிற்கும்.

அப்படி ஏறி இறங்கும் பிழை நிஜமாகவே உண்டு. காரணம் வெயில். சூரிய ஒளி செயற்கைக்கோளின் பலகைகள் மேல் பட்டு அதை மெல்லத் தள்ளுகிறது. தள்ளல் மிக மிகச் சிறியது, ஆனால் நாள் முழுதும், ஆண்டு முழுதும் நடக்கிறது. எந்தப் பக்கம் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது, எவ்வளவைத் திருப்பி அனுப்புகிறது என்பதைத் துல்லியமாக மாதிரியமைப்பது சிரமம். இந்தச் சோதனையின் உண்மையான எதிராளி இந்த வெயில்தான் என்பது என் எண்ணம்.

இரண்டு வழிகளில் அதை மடக்கினார்கள். முதலாவது லேசர். செயற்கைக்கோளில் ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும் கண்ணாடிகள் உண்டு. உலகெங்கும் உள்ள லேசர் நிலையங்கள் துடிப்பை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை அளந்தன. போனதும் வந்ததும் தரைக் கடிகாரத்தில் பதிவாகிறது. செயற்கைக்கோளின் கடிகாரத்துக்கு இதில் வேலையே இல்லை. ஆக, தூரத்தைக் கடிகாரத்திலிருந்து பிரித்துத் தனியாகச் சரிபார்க்க முடிந்தது.

இரண்டாவது வழி பொறுமை. வெயிலால் வரும் பிழை சூரியனின் திசையைப் பின்பற்றும், சார்பியல் அலை நீள்வட்டத்தின் முனைகளைப் பின்பற்றும். ஒரு மாதத் தரவில் இரண்டும் ஒன்றாகவே தெரியலாம். ஓர் ஆண்டுக்கு மேல் அளந்தால், பாதையைப் பொறுத்துச் சூரியன் ஒரு முழுச் சுற்று வந்துவிடும். அப்போது ஒன்று இடம் மாறும், மற்றது மாறாது. பாரிஸ் குழு பயன்படுத்திய தரவு 1008 நாள். அந்தந்த நாளுக்குக் கடிகாரத்தின் சொந்த நகர்வைக் கழித்துவிட்டு, மீதியில் 13 மணி நேரத் தாளத்தைத் தேடினார்கள். வெப்பநிலையும் பூமியின் காந்தப்புலமும் மேசரை எவ்வளவு அசைக்கும் என்பதற்கும் தனித்தனியாக வரம்பு கட்டினார்கள்.

கிடைத்த எண்

இதற்கு முன் சாதனை கிராவிட்டி புரோப் ஏ வசம் இருந்தது. 1976 ஜூன் 18 அன்று ஒரு ஹைட்ரஜன் மேசரை ஸ்கவுட் ராக்கெட்டில் ஏற்றி, 10,000 கி.மீ. உயரத்துக்கு எறிந்து, திரும்பி விழும்வரை அதன் சமிக்ஞையைக் கேட்டார்கள். மொத்தப் பயணமே இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அதிலேயே ஐன்ஸ்டைனின் கணிப்பு ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு நுட்பத்துக்கு உறுதியானது. அந்த இரண்டு மணி நேர வேலையை 42 ஆண்டு யாராலும் தாண்ட முடியவில்லை என்பது எனக்கு இன்னும் வியப்புத்தான்.

2018 டிசம்பரில் இரண்டு குழுக்களின் முடிவும் பிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ் இதழில் சேர்ந்து வந்தன. ஐன்ஸ்டைன் சொன்னதிலிருந்து விலகல் எவ்வளவு என்பதைக் குறிக்கும் எண், அவர் சொன்னது சரியென்றால் சுழியாக இருக்க வேண்டும். பாரிஸ் குழுவுக்குக் கிடைத்தது லட்சத்தில் 0.19, கூட்டியோ குறைத்தோ 2.48. பிரெமன் குழுவுக்கு லட்சத்தில் 4.5, கூட்டியோ குறைத்தோ 3.1. இரண்டாவது எண்ணைப் பார்த்து யாரும் பதற வேண்டியதில்லை, பிழை எல்லையின் ஒன்றரை மடங்கு விலகல் அளவீடுகளில் சாதாரணம். பழைய சாதனையைவிடப் பாரிஸ் குழுவின் முடிவு ஐந்து மடங்குக்கு மேல் நுட்பமானது.

வானத்தில் இதே கணக்கு

நீள்வட்டத்தில் ஓடும் கடிகாரம் வானியலாளர்களுக்குப் பழகிய ஒன்று. 1974ல் அரெசிபோ தொலைநோக்கியில் ஹல்ஸும் டெய்லரும் கண்டுபிடித்த பல்சார் ஒரு நியூட்ரான் விண்மீன், அதாவது மிக அடர்த்தியாகச் சுருங்கிப்போன விண்மீன். நொடிக்கு சுமார் 17 முறை சுழன்று, துடிப்பைக் கடிகாரம் போல அனுப்புகிறது. இன்னொரு நியூட்ரான் விண்மீனோடு சேர்ந்து 7 மணி 45 நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றுகிறது, மையத்தொலைத்தகவு 0.617. துணை விண்மீனை நெருங்கும்போது அதன் துடிப்பு மந்தமாகும், விலகும்போது விரைவாகும். டொரேசாவில் 370 நானோநொடியாக இருந்த அதே அலை அங்கே 4.3 மில்லிநொடி, பத்தாயிரம் மடங்குக்கும் மேல். சமன்பாட்டின் வடிவம் இரண்டுக்கும் ஒன்றுதான். அந்த அலையும், நீள்வட்டத்தின் முனை மெல்லத் திரும்பிக்கொண்டே போவதும் சேர்ந்துதான் இரு விண்மீன்களின் எடையையும் காட்டிக்கொடுத்தன. எடை தெரிந்ததால், ஈர்ப்பலைகளாக ஆற்றல் கசிந்து பாதை எவ்வளவு சுருங்க வேண்டும் என்று சொல்ல முடிந்தது, அது அப்படியே சுருங்கியது. 1993ல் இருவருக்கும் நோபல் பரிசு.

கலிலியோ முடிவு வந்த அதே 2018ல், மே 19 அன்று, எஸ்2 என்ற விண்மீன் நம் பால்வீதியின் மையக் கருந்துளையை மிக நெருங்கிக் கடந்தது. 16 ஆண்டுச் சுற்று, மையத்தொலைத்தகவு 0.88, நெருங்கிய தூரம் பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள இடைவெளியைப்போல சுமார் 120 மடங்கு, வேகம் நொடிக்கு 7,650 கி.மீ. அங்கே கடிகாரம் என்பது விண்மீனின் ஒளியில் உள்ள நிறமாலைக் கோடுகள். கடிகாரம் மெதுவானால் கோடுகள் சிவப்புப் பக்கம் நகரும். சிலியின் பாரனல் மலையில் உள்ள தொலைநோக்கிகள் அந்தக் கோடுகள் கூடுதலாகச் சிவப்புப் பக்கம் நகர்ந்ததைப் பிடித்தன. வேகக் கணக்கில் நொடிக்கு சுமார் 200 கி.மீ. அதில் ஏறத்தாழ பாதி ஈர்ப்பின் பங்கு, மீதி வேகத்தின் பங்கு. எஸ்2 வட்டத்தில் சுற்றியிருந்தால் அந்த 200 எப்போதும் மாறாமல் இருந்திருக்கும், விண்மீன் ஏற்கெனவே நம்மைவிட்டு விலகிப் போகிற வேகம் என்றே எழுதியிருப்பார்கள்.

புதன் கோளின் கதையும் இதே ரகம். அதன் பாதை நன்றாக நீண்டிருப்பதால் முனை நகர்வதில் மற்ற கோள்களின் இழுப்பால் விளக்க முடியாத பங்கு, நூற்றாண்டுக்கு 43 விநாடிக் கோணம் மட்டும் என்றாலும், கண்ணில் பட்டது. வெள்ளியின் பாதை கிட்டத்தட்ட வட்டம். முனை எங்கே என்று குறிப்பதே கஷ்டம், அது நகர்ந்ததா என்று எப்படிப் பார்ப்பது?

இப்போது

ஹைட்ரஜன் மேசர் ஓடுவது 1,420 மெகாஹெர்ட்ஸில். விண்மீன்களுக்கு இடையே உள்ள ஹைட்ரஜன் வாயு தானாக உமிழும் 21 செ.மீ. ரேடியோ அலையும் அதேதான். வழிகாட்டும் செயற்கைக்கோளும் ரேடியோ வானியலாளரும் ஒரே அணுவின் ஒரே துடிப்பைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

அடுத்த பெரிய முயற்சி ஏசஸ் என்ற ஐரோப்பிய அணுக் கடிகாரச் சோதனை. 2025 ஏப்ரலில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போனது. ஃபாராவோ என்ற சீசியம் கடிகாரமும் ஒரு ஹைட்ரஜன் மேசரும் அதில் உள்ளன. சோதனையைப் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு நுட்பத்துக்குக் கொண்டுபோவது குறிக்கோள். ஆனால் நிலையத்தின் பாதை கிட்டத்தட்ட வட்டம், தாளத்தைத் தேடும் உத்தி அங்கே எடுபடாது. அதனால் பிசகாமல் ஓடும் கடிகாரம் மட்டும் போதாது, தன் சொந்தப் பிழை எவ்வளவு என்று அச்சொட்டாகத் தெரிந்த கடிகாரம் வேண்டும். ஃபாராவோ லேசரால் குளிர்வித்த அணுக்களைப் பயன்படுத்துவது அதற்காகத்தான். டொரேசாவிலும் மிலேனாவிலும் இருந்த மேசர்கள் அப்படிப்பட்டவை அல்ல. வழிகாட்டும் வேலைக்காகச் செய்து மாட்டிய வழக்கமான கடிகாரங்கள். கோணலான பாதைதான் அவற்றுக்கு அந்தத் தகுதியைக் கொடுத்தது.